கொதிக்க வைத்துக் கொடுத்த சாம்பிள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், எங்கள் வீட்டுத் தண்ணீரும் இப்போது நலம். நீயும் மாப்பிள்ளையும், நாங்கள் இன்னும் கையில் வாங்கிப் பார்க்காத பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நேற்று போனில் கேட்டதே மனதுக்கு நிறைவாக இருந்தது. இந்த விஷயத்தையும் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதிலும் இதில் கதாநாயகியே அவள் என்பதால் என்னை முழுசாகச் சொல்ல விடமாட்டாள். அதனால் அவள் மாடியில் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன தடவை வந்தபோது மாப்பிள்ளை நம் தண்ணீரைக் குடித்து வயிறு கெட்டு, இருந்த நாட்களில் பாதியைக் குளியலறையிலேயே கழித்தார், அதை நான் மறக்கவில்லை. ஆகவே தண்ணீருக்கு ஒரு வழி பண்ணினால்தான் குழந்தையைக் கூட்டி வருவேன் என்று நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. உன் அம்மாவுக்குத்தான் ஒரு நாள் முழுக்க முகம் சுண்டிப்போயிருந்தது. அவன் தவழ ஆரம்பித்துவிட்டான், நடக்க ஆரம்பித்தால் மடியில் உட்காரவா போகிறான், அதற்குள் ஒரு தடவையாவது தூக்கிவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை. மறுநாள் காலையில் அவளே பையை என் கையில் திணித்து, "போய் ஒரு நல்ல ஃபில்டராப் பாருங்க" என்று காய்கறி வாங்க அனுப்புவது போல அனுப்பிவிட்டாள். கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள், ஒன்றில் நீல விளக்கு, ஒன்றில் பச்சை விளக்கு, ஒன்று பேசக்கூடச் செய்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான், எந்த வண்டியையும் மூடியைத் திறந்து பார்த்துத்தான் நம்புவேன், கடைக்காரரோ பெட்டியைத் தொடவே விடவில்லை. அதற்குப் பதிலாக மறுநாள் ஒரு விற்பனைப் பையனை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

அந்தத் தம்பி கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து, நம் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமானது. "இதைத்தான் சார் இத்தனை வருஷமா குடிச்சிட்டிருக்கீங்க" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் ஏறக்குறைய நம்பிவிட்டேன், பணம் எடுக்க எழுந்தும்விட்டேன். உன் அம்மா அசரவில்லை. தான் கொதிக்க வைத்து ஆற்றி வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து இதிலும் விட்டுக் காட்டுங்கள் என்றாள். அதுவும் செம்மண். "அப்ப உங்க கம்பிதான் தம்பி சாயம் போகுது" என்றாள். அவர் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள், பிறகு மெஷின் வாங்கலாம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், உன் வயதுதான் இருக்கும். சுத்தமான பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பாட்டிலை நிரப்பும் வேலையை உன் அம்மாவிடம் விட்டேன், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாள் கழித்துத் தாள் வந்தது, ஒரு கிருமிகூட இல்லை, தாராளமாகக் குடிக்கலாம் என்று முத்திரையோடு. நான் தெருவிலேயே ஒரு குதி குதித்தேன். வீட்டுக்கு வந்து, நம் தண்ணீரைப் போல் உண்டா என்று நான் மார்தட்டிக்கொண்டிருக்க, உன் அம்மா சர்வ சாதாரணமாக, "நல்லா இல்லாம எப்படி இருக்கும், நல்லாக் கொதிக்க வெச்சு, துணியில வடிகட்டி இல்ல அனுப்பினேன்" என்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று தலையில் கை வைத்துக் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு குடிச்சுப் பாத்துத்தானே சொல்லணும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணியையா குடுப்பாங்க" என்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

ஆனால் பாப்பா, இதையும் உனக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தாளை அப்படியே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருந்தால் அடுத்த வாரமே நீ டிக்கெட் போட்டிருப்பாய். என் கை போன்மேல்தான் இருந்தது. வேண்டாம் என்றது அவள்தான். "நமக்காக அவசரப்பட வேணாங்க, குழந்தை வயித்துக்குள்ள போற தண்ணி" என்று சொல்லிவிட்டு, தைத்து வைத்திருந்த குட்டிச் சட்டைகளை எடுத்து ஓரத்தைப் பிரித்து ஒரு சுற்று பெரிதாக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே குழாயடியில் பிடித்தேன். உப்பு அளவாகத்தான் இருக்கிறதாம், ஆகவே உப்பை எடுக்கிறேன் என்று பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விடும் அந்தப் பெரிய மெஷின் நமக்கு வேண்டாம். கிருமி மட்டும் இருந்தது. பிளம்பர் ஏறிப் பார்த்ததில் மாடித் தொட்டியின் மூடி உடைந்து, உள்ளே இலையும் சேறும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்த பந்தும். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது மூடி போட்டு, விளக்கொளியால் கிருமியைக் கொல்லும் சின்ன ஃபில்டர் ஒன்றைச் சமையலறைச் சுவரில் மாட்டியாயிற்று. இந்த முறை கடைக்காரரை மூடியைத் திறந்து காட்ட வைத்துவிட்டுத்தான் வாங்கினேன். அதிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரின் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், கிருமி இல்லை, உன் அம்மா கையும் படவில்லை. இதற்குள் பையன் சுவரைப் பிடித்து நின்றுவிட்டான் என்று நீ சொன்னாய். நிற்கட்டும், இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லையே.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையைத் தைரியமாக வரச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். தாளைப் படித்ததும் டிக்கெட் போட மறந்துவிடாதே. போனில் குழந்தை அழுதால் அப்புறம் பேசுகிறேன் என்று நீ வைத்துவிடுகிறாய், நாங்கள் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இங்கே வந்து அழட்டும் பாப்பா, தூக்கிக்கொள்ள நாலு கை இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா