இது யாரு கை?

தங்கள் சின்ன உணவகத்துக்கு மகள் எடுத்த விளம்பர வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "இது யாரு கை?" அடுப்பில் சுட்டுத் தழும்பேறிய அம்மாவின் கைக்குப் பதிலாக மகள் தன் தோழியின் கையைக் காட்டியிருந்தாள். மறுநாள் அம்மா எழுமுன் ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுக் கிளம்பினாள்.

"அம்மா, காபி பிளாஸ்க்ல இருக்கு. கடைச் சாவி என்கிட்ட. கேஸ்காரர் வந்தா சிலிண்டரை வாங்கி வை.

நெட்ல போட்ட வீடியோவை அழிச்சுட்டேன். 'கை எவ்வளவு அழகு'ன்னு நிறைய பேர் எழுதியிருந்தாங்க. படிக்கப் படிக்க உடம்பே கூசுச்சு. உன்னை மறைச்சுட்டு உன் சமையலைக் காட்டியிருக்கேன்.

இன்னொண்ணு: இன்னிக்கு நீயே கிளறு, நான் புதுசா வீடியோ எடுக்கறேன். வேணாம்னா நல்லாத் திட்டு. பேசாம மட்டும் இருக்காதேம்மா."