வீட்டு ஓனருக்கு இரண்டு லட்டு

என் அருமை மகளுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்பத்தூர் கம்பெனியில் நீங்கள் போராடிச் சம்பளத்தை உயர்த்திய செய்தி வந்த அன்று நம் லைன் வீடுகளில் தீபாவளிதான். பத்து வீட்டில் ஏழு பேர் உன்னோடு வேலை செய்பவர்கள் அல்லவா? அடுத்த வீட்டு பேபி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் பொண்ணு இன்னா தில்லா பேசி வாங்கிக் குட்த்துச்சு நைனா" என்று அழுதேவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. லட்டு வாங்கி வீடு வீடாகக் கொடுத்தேன். வீட்டு ஓனருக்கு மட்டும் இரண்டு.

"எவ்ளோ ஏறிச்சு அண்ணாத்தே?" என்றார். பெருமையில் பைசா சுத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாளே பத்து வீட்டுக்கும் வாடகையை ஏற்றிவிட்டார்.

"எனக்கு பென்ஷன்தானே, அது ஏறலியே" என்றேன்.

"உனுக்குன்னு தனி ரேட்டா போட முடியும்?" என்றார்.

வீட்டைக் காலி செய்துவிட்டு, இப்போது நூம்பலில், என்னோடு ரிடையரான வேம்புலியின் அறையில் இருக்கிறேன். நல்ல காற்று வருகிறது. மழை பெய்தால் மட்டும் கட்டிலை நகர்த்த வேண்டும். உன் பெட்டியும் அம்மா படமும் நனையாத மூலையில் இருக்கின்றன.

இப்போது நீ போயிருக்கும் ஓசூர்ப் போராட்டத்திலும் ஜெயிப்பாய். முடிந்ததும் நேரே இங்கே வா. இந்தத் தெருவில் மட்டும் பென்ஷன்காரர்கள் பதினோரு பேர் இருக்கிறோம். பென்ஷனை உயர்த்தக் கேட்டு நேற்றே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். கோஷம் போடத் தொண்டை இருக்கிறது, தலைவர்தான் இல்லை.

ஜெயித்தால், சத்தியமாக, யாருக்கும் லட்டு கொடுக்க மாட்டேன்.

உன் அப்பா