வீங்காத கை

அன்புள்ள அப்பாவுக்கு, அன்புச்செல்வி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணன் காசநோய் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறானா?

போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், அண்ணி பயந்துவிடுவார்கள். அதனால்தான் கடிதம். சோதனைக்கு ஊசி போட்ட இடத்தில் பூவரசிக்குக் கை வீங்கவில்லை, அண்ணனின் நோய் மகளுக்குத் தொற்றவில்லை என்று எல்லோரும் நிம்மதியானீர்கள். எனக்கு அந்தக் கைமேல் சந்தேகம்.

போன வாரம் இங்கே புனேயில் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு பையன் வந்தான். அவனுக்கும் கை வீங்கவில்லை. ஆனால் வயிறு நிறையப் பூச்சி. பூச்சி இருந்தால் சில குழந்தைகளுக்குத் தொற்று இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம் என்றார் டாக்டர். போகலாம், அவ்வளவுதான். பையன் என் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

அன்று பூவரசியிடம் போனில் விசாரித்தேன்.

"ஸ்கூல்ல குடுத்த பூச்சி மாத்திரைய முழுங்கினியாடி?"

"முழுங்கிட்டேன் அத்தை. கசக்கவே இல்ல. ஆடுகூடத் துப்பல."

பௌர்ணமிக்குக் கோயில் கூட்டம் வந்தால் கடையை விட்டு நகரமாட்டீர்கள். அதற்கு முன்பே பூவரசியை டாக்டரிடம் கூட்டிப் போய், ஆட்டுக் கதையையும் சொல்லி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள், இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் ருசியே இல்லை. கொஞ்சம் போதும், கூட உட்கார்ந்து உரிக்க ஆள் இல்லை.

பஸ் வந்துவிட்டது. மாத்திரை கொடுத்தால் அவள் பேச்சை நம்பாதீர்கள் அப்பா, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மகள்,
அன்புச்செல்வி