தம்பி சாப்பிட்ட நண்டு

2012 கார்த்திகை 9, வெள்ளி

ஸ்பெயினிலிருந்து தம்பி இன்று போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். பாஸ்க் பகுதியில், சான் செபாஸ்டியன் என்ற நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். எப்போதும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவான். மற்றதை நானும் கேட்பதில்லை.

"இஞ்ச ஒருத்தரும் ஒரே கடையில இருந்து சாப்பிடமாட்டினம் அக்கா. நிண்டபடி ஒரு துண்டு பாணும் மீனும், ஒரு கிளாஸ் வைன். பிறகு அடுத்த கடை. பக்கத்து நகரம் பில்பாவோவிலயும் இப்பிடித்தான்."

பிறகு சொன்னான்: "நேற்று முதலாளி நண்டு தந்தவர். சதையை எடுத்துத் தாளிச்சு, திரும்ப ஓட்டுக்குள்ள வைச்சுச் சுடுறது. முழுக்கச் சாப்பிட்டனான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டான்.

சண்டைக் காலத்தில் அப்பா போன படகு இராமேஸ்வரம் போகும் வழியில் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் நண்டு சமைத்ததில்லை. இந்தியாவில் அகதி முகாமிலும் இல்லை, மன்னாருக்குத் திரும்பி வந்த பிறகும் இல்லை. கடலுக்கடியில் நண்டு எதைத் தின்னும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

குசினிக்குள் போனேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் சாப்பிட்டவன்?"

"பாணும் மீனும்."

"நண்டெண்டு கேட்டுது."

நான் வாசலிலேயே நின்றேன். அம்மா பானையை நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ருசியா இருந்ததாமோ?"

"ஓம்" என்றேன்.

"உங்கட அப்பாவுக்கும் நண்டெண்டா உயிர்."