கல் வெடித்த அன்று

ராஸ் அல் கைமா
12.2.1978

வேலுச்சாமிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை கூசுகிறது. நீ ஊருக்குப் போய் ஏழு மாதம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

நாம் பழுதுபார்த்த தண்ணீரில் ஓடும் பழைய மாவு ஆலையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மலை வாய்க்கால் தண்ணீரில் நீ செதுக்கிய சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதுதான் என் டியூட்டி.

நேற்று பர் துபாயிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அந்த அம்மா விரிசல் விட்ட மேல் அரவைக்கல்லைச் சுற்றிப் போட்டிருக்கும் இரும்புப் பட்டையைத் தொட்டு, "இது எப்படிங்க உடைஞ்சுது?" என்று கேட்டார்.

"முன்னாடி இருந்த ஆளு அவசரப்பட்டுத் தண்ணியத் திறந்துட்டான்" என்றேன். எஞ்சினியரிடம் அன்று சொன்ன அதே பொய். இந்த முறை எந்தப் பயமும் இல்லாமலே வாயில் வந்துவிட்டது.

"பாவம், அவரு இப்ப எங்க இருக்காரு?" என்றார். நான் அவர்களை வாய்க்கால் பக்கம் கூட்டிப் போனேன்.

நீ தானியம் போடுவதற்குள் மதகைத் திறந்தவன் நான். வெறுங்கல் உரசி வெடித்தது. என் வேலை போய்விடுமென்று பயந்து உன் பெயரைச் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு பெட்டியைக் கட்டினாய்.

இன்று காலை எஞ்சினியரிடம் உண்மையைச் சொன்னேன். "கலாஸ் பாய்", முடிந்த கதை விடு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒரு திட்டுகூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை என் அப்பாவிடம் கொடு. ஊரில் உன்னைப் பற்றி அவர் என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். கல்லை உடைத்தவன் நீ என்று அவருக்கு எழுதியவனும் நான்தான்.

உன்னோடு கப்பலேறியவன்