தட்டாமல் திறந்த வாய்

மார்ச் 3, திங்கள்

உயிரியல் பூங்கா இயக்குநர் மீது எனக்குள்ள குறைகள், நாள்வாரியாக. நினைவாற்றலை நம்பி விட்டுவிட இது சின்ன விஷயமல்ல.

1. ஜனவரி 20. நீர்யானை மகாராணியின் பற்களைச் சோதிப்பதற்கென்று நாங்கள் பழக்கிய பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக் காட்சியாக மாற்றினார். கீப்பர் வாளியைத் தட்ட வேண்டும், மகாராணி வாயைத் திறக்க வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும். பூங்காவின் கால்நடை மருத்துவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. பிப்ரவரி 11. மகாராணி குட்டி ஈன்றாள். இரண்டு மாதங்களுக்குக் காட்சி கூடாது, கம்பித் தடுப்பை ஒருவரும் நெருங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் போனில் சொன்னது: "குட்டியைப் பாக்கத்தானே டாக்டர் கூட்டமே வரும்!"

3. பிப்ரவரி 27. "இவ்விலங்கு வாயை அகலத் திறப்பது கொட்டாவி அன்று, எச்சரிக்கை" எனத் தகவல் பலகைக்கு எழுதித் தந்திருந்தேன். பலகையில் இப்போது இருப்பது: "மகாராணி சிரிக்கிறாள்!"

4. மேற்கண்ட எதற்கும் இன்றுவரை எழுத்தில் ஒரு வரி கிடையாது.

மார்ச் 6, வியாழன்

காலைச் சுற்றில் சைரனிடம் பேசினேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நீர்யானைக் கொட்டகையின் கீப்பர். அவர் குரல் கொடுத்தால் நுழைவாயில்வரை கேட்கும். அதனால் அந்தப் பெயர். குட்டி ஈன்ற நீர்யானை தன் கூட்டத்தைக்கூட அண்டவிடாது, கிட்டே வரும் முதலையைக் கடித்துப் பிளந்துவிடும், ஒன்றரை டன் உடம்போடு மனிதனைவிட வேகமாக ஓடும் என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார்.

"எங்க வீட்டம்மாவும் பிள்ளை பெத்தப்ப என்னை ஒரு மாசம் கிட்ட சேர்க்கலை சார். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்க வீட்டம்மாவுக்கு ஒன்றரை சாண் கோரைப்பல் கிடையாதுய்யா."

"நீங்க அவ பேசிக் கேட்டதில்லை சார்" என்று சிரித்தவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை ஷோ பண்ணலைன்னா வேற கூண்டுக்கு மாத்திடுவேங்கறார் டைரக்டர். மகாராணியை விட்டுட்டு நான் எங்க சார் போவேன்?"

மார்ச் 9, ஞாயிறு

சைரனுக்கு வலது முழங்கைக்குக் கீழே கை இல்லை.

மார்ச் 10, திங்கள்

இன்றுதான் எழுத முடிகிறது.

நேற்றுக் காட்சியின்போது தடுப்பிலிருந்து முப்பது அடி தள்ளி நின்றேன். சைரன் வாளியுடன் வந்தார். அவர் தட்டுவதற்கு முன்பே மகாராணி நீரிலிருந்து எழுந்து, குட்டியைத் தன் பின்னால் மறைத்து, வாயை முழு அகலத்துக்குத் திறந்தாள். "அதுக்குள்ள என்னடி அவசரம்?" என்றபடி அரைத் தர்பூசணியைக் கம்பிக்குள் நீட்டினார். நான் கத்தினேன். கத்தியது எந்தச் சொல் என்று இப்போதும் தெரியவில்லை.

தாடை மூடியது. ஒருமுறை தலையைப் பக்கவாட்டில் உதறினாள். பழம் நொறுங்கியதையும் எலும்பு நொறுங்கியதையும் காதால் பிரித்தறிய இயலவில்லை. கூட்டம் கைதட்டியது — வழிந்த சிவப்பைப் பழச்சாறென்று நினைத்துவிட்டார்கள்! என் இடுப்பு பெல்ட்டால் எஞ்சிய கையைக் கட்டினேன். அதற்குள் அவள் தடுப்பை மோதி இரண்டு கம்பிகளை வளைத்துவிட்டாள். கையைத் தின்னவில்லை. சேற்றில் துப்பிவிட்டுக் குட்டியிடம் போனாள்.

மார்ச் 11, செவ்வாய்

"மனுஷ ரத்தம் பாத்த மிருகம் டாக்டர். வெச்சிருக்க முடியாது." இது இயக்குநர்.

"புல்லு திங்கிற பிராணிய்யா அது! ரத்தத்தை வெச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்?" முப்பது ஆண்டுப் பணியில் மேலதிகாரியை 'யா' போட்டுப் பேசியது இதுவே முதல் முறை.

துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் வந்தார்கள். முதல் குண்டு தோளில், இரண்டு விரற்கடைத் தடிமனான தோலுக்குள் சிக்கிக்கொண்டது. அடுத்தது தாடையை உடைத்தது. குட்டியோடு மூழ்கினாள், குளம் சிவந்தது. மூச்சுக்கு மேலே வந்தபோது மூன்றாவது குண்டு மண்டையில் சறுக்கிப் போனது.

"உள்ள இறங்க மாட்டேங்குது சார். வாயைத் தொறந்தா ஒரே குண்டுல முடிச்சிடலாம்" என்றார் காவலர்களில் ஒருவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னும் எத்தனை குண்டு? பத்தா? இருபதா? வாளியை எடுத்துத் தட்டினேன்.

உடைந்த தாடையோடு திறந்தாள்.

மார்ச் 13, வியாழன்

நீர்யானைக் குட்டி நீருக்கடியில்தான் பால் குடிக்கும். புட்டியைத் தள்ளிவிட்டுத் தலையை அமிழ்த்தித் தேடுகிறது. மேலே வருகிறது. மறுபடி அமிழ்த்துகிறது.

மார்ச் 17, திங்கள்

விசாரணை அறிக்கை கைக்கு வந்தது. "காரணம்: கீப்பரின் கவனக்குறைவு. சைகை தருவதற்கு முன்பே உணவளித்து விதியை மீறினார்." இணைப்பாகப் பணிநீக்க உத்தரவு. கை போனவனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வைத்து வேலையை விட்டுத் தூக்குகிறார்கள்!

எந்த விதி என்று இயக்குநரிடம் கேட்டேன். "பயிற்சிக்கு ரூல் இல்லாமலா இருக்கும்? நீங்க எழுதினதுதானே டாக்டர்?" என்றார், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

அப்படியொரு விதி இல்லை. என் குறிப்பைத் தேடி எடுத்து அந்த மேசையில் அறைந்து வைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கையால் எழுதியது. இரண்டாம் பக்கம், ஐந்தாவது வரி: "பயிற்சியை விரைவுபடுத்த, தட்டாமல் தானாக வாயைத் திறந்தாலும் உடனே உணவு கொடுக்கவும்."

இதை நான் ரத்து செய்யவே இல்லை. அவளிடமிருந்த ஒரே எச்சரிக்கையைப் பசியின் அடையாளமென்று சைரனுக்குக் கற்பித்தவன் யார்? பலகையில் பொய் எழுதிய இயக்குநர் மட்டுமா? சைரன் விதியை மீறவில்லை. எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்.

"ரெண்டு வாரமா அந்த ஆளைத் திட்டித் தீர்த்தீங்க, இன்னிக்கு ஏன் சத்தமே இல்ல?" என்றாள் மனைவி. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். இந்தத் தாளின் பிரதி வேறு யாரிடமாவது இருக்குமா? நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைக்கமாட்டேன்.

மார்ச் 19, புதன்

மருத்துவமனை. தாளைக் காட்டினேன்.

"தெரியுமே சார். கொட்டகைக் கதவுல ஒட்டி வெச்சிருந்தேன். வெள்ளையடிச்சப்ப கிழிச்சிட்டாங்க" என்றார் சைரன். அந்தக் குரல் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது. "விடுங்க சார். நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

அவர் மனைவி விடவில்லை. "அவர் விடுவாரு. நான் விட மாட்டேன். இவர் மேல தப்பில்லைன்னு எழுதி வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

மார்ச் 20, வியாழன்

இன்று காலை இயக்குநரிடம் நேரில் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பமும் வாங்கிக்கொண்ட கடிதத்தின் நகல்:

ஐயா,

அறிக்கையில் 'காரணம்' என்னும் பகுதியிலிருந்து கீப்பரை நீக்கவும். அவ்விடத்தில் என் பெயரை எழுதவும். சான்றாக எனது பயிற்சிக் குறிப்பின் நகலை இணைத்துள்ளேன். அதன் கீழே, என் எழுத்துபூர்வமான மறுப்பையும் மீறிக் காட்சிக்கு உத்தரவிட்ட தங்கள் பெயரை எழுதவும். பணிநீக்க உத்தரவை ரத்து செய்து, கீப்பர் விதிப்படியே நடந்தார் என்று அவர் மனைவியின் கையில் கடிதம் தரவும்.

தவறினால் மூலத் தாளுடன் காவல் நிலையம் செல்வேன். அங்கே என் முதல் புகார் என் மீதே இருக்கும். இரண்டாவது தங்கள் மீது.

தங்கள் பதில், எழுத்து வடிவில், மார்ச் 24, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும்.