பழைய பதினாலாம் நம்பர்

இந்தக் கடிதத்தை ஒரு நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதன் பின்பக்கம் மைதாப் பசை காய்ந்து வெடித்திருக்கிறது. புளித்த வாசனை இன்னும் போகவில்லை. முன்பக்கம் அவன். கோட்டு போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறான்.

போன மாதம் பால் பூத் சுவரில் அதைப் பார்த்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், உனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கையில் இருந்த பால் பாக்கெட் வேர்த்துவிட்டது. 'அவசர உதவியில் புதிய தொழில்நுட்பம்: பொறுப்போடு கொண்டுவருவது எப்படி? அனுபவம் பேசுகிறது.' ஆழ்வார்பேட்டையில் குடியிருப்போர் சங்கத்துக் கூடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அனுபவமாம். பேசுகிறதாம்.

கிழியாமல், நகத்தால் முனையிலிருந்து உரித்தேன். பூத்துக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா பாட்டி, பழைய பேப்பர்காரனுக்குப் போடப் போறியா?" என்றார்.

"இல்ல நைனா. ஒருத்தனுக்குப் படையல் போடணும்."

நீ உயிரோடு இருந்தவரை உன்னை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். "உங்களைவிட ஏழு வயசு சின்னவ, மேடத்தை விடுங்க அக்கா" என்று எத்தனையோ முறை சொன்னாய். வாய் வரவில்லை. அந்த ஆபீஸில் தரை துடைப்பதும் டீ கொடுப்பதும் நான்தான். என்னை ஆயா என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். இப்போது நீ என்றே எழுதுகிறேன். போனவர்களிடம் மரியாதை வைத்துப் பேசினால் இன்னும் தூரமாகிவிடுகிறார்கள்.

அசோக் நகரில் அந்த அறக்கட்டளை நடத்திய ஆம்புலன்ஸ் சேவை. ஆறு போன், சுவரில் எண்ணெய்க் கறை படிந்த ஊர் வரைபடம், ஜன்னலோரம் உன் நாற்காலி. போனில் யார் கத்தினாலும் நீ கத்த மாட்டாய். தெருப்பெயர், கதவு நம்பர் எல்லாம் வாங்கின பிறகு, வண்டியை அனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாய். "பழைய நம்பரா, புது நம்பரா?"

நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு நம்பர். கார்ப்பரேஷன் புதுசு கொடுத்தும் சனங்களுக்குப் பழசுதான் வாயில் வருகிறது. ஒரே தெருவில் பழைய பதினாலு ஒரு கோடியில், புதுப் பதினாலு இன்னொரு கோடியில். எந்தத் தெருவில் இந்தக் குழப்பம் என்று டிரைவர்கள் டீ குடிக்கும்போது சொல்வார்கள். நீ ஒரு நீள நோட்டில் எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பாய். தரை துடைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி நோட்டு மனப்பாடம்.

ஒருநாள் நான் கிண்டல் பண்ணினேன். "இன்னா மேடம், உயிர் போவுதுன்றான். கல்யாணப் பத்திரிகை அனுப்பற மாதிரி அட்ரஸ் விசாரிச்சிக்கினு கீறீங்க?"

நீ சிரிக்கவில்லை. "ரெண்டு செகண்ட் அக்கா. அதை இங்க மிச்சம் பிடிச்சா, அங்க தெரு முழுக்கத் தேடணும்."

அப்புறம் இந்த நோட்டீஸ்காரன் மேனேஜராக வந்தான், புது மெஷினோடு. சுவரில் பெரிய திரையை மாட்டி, கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சிவப்புப் புள்ளி அடித்துக் காட்டிக்கொண்டே இருப்பான். அதனால் நாம் வைத்த பெயர் லேசர். மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. நீகூட முதல் நாள் கண் விரியப் பார்த்து, "இது அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருக்கணும்" என்றாய். ஆனால் கதவு நம்பருக்கு அதில் ஒரே ஒரு கட்டம். மேலே ஒரு கடிகாரம். போன் எடுத்த நொடியிலிருந்து ஓடும், குறித்த நேரம் தாண்டினால் சிவப்பாகும். வாரக் கடைசியில் யார் வேகம், யார் மந்தம் என்று சுவரில் பட்டியல் வரும். கேள்வியை விடாத உன் பெயர்தான் எப்போதும் கடைசி.

மீட்டிங்கில் நீ எழுந்து நின்றாய். நான் டம்ளர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், மேப்புக்குப் புது நம்பர் மட்டும்தான் தெரியுது. இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்க. போடற வரைக்கும் நாங்க வாயால கேட்டுக்கறோம். மொதல்ல மயிலாப்பூர்ல மட்டும் ஓட்டிப் பாப்போம். எங்க தப்புதுன்னு டிரைவருங்களத் தினம் கேட்டு எழுதுவோம். சரியானதும் ஊர் முழுக்கப் போடலாம்."

"மேப்புக்குத் தெரியாதது உங்க நோட்டுக்குத் தெரியுமா மேடம்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் உட்கார்ந்திருந்த வரிசைப்படி சொல்வேன். "இன்னையிலேருந்து அந்தக் கேள்வி கிடையாது. அந்த நோட்டும் வேண்டாம்" என்றான். எல்லாம் வாய் உத்தரவு. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நோட்டை என் கையில் கொடுத்துப் பழைய பேப்பரில் போடச் சொன்னான். போட்டேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாய், "மெஷின் வேணாம்னா சொல்றேன்? புது மருமக வந்த அன்னிக்கே மாமியாரை வெளிய அனுப்புவாங்களா அக்கா?"

"எங்க வூட்ல திண்ணைக்கு அனுப்பிட்டாங்களே மேடம்" என்றேன். அன்றைக்கு நீ கடைசியாக வாய்விட்டுச் சிரித்தாய்.

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா நாள். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். லேசர் அவர்களை உன் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, எல்லோரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னான். நான் ஒன்பது டம்ளரோடு தட்டை ஏந்தி நிற்கிறேன். மணி அடித்தது.

"எங்காத்துக்காரர் நெஞ்சைப் பிடிச்சுண்டு சாஞ்சுட்டார். சீக்கிரம் வாங்கோ." மயிலாப்பூரில் குளத்துப் பக்கம் ஒரு நீளத் தெரு. நம்பர் பதினாலு.

நீ "பழைய..." என்று ஆரம்பித்தாய். அவன் குச்சியால் மேஜையில் இரண்டு தட்டு தட்டினான். நீ திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாய். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உனக்கு மட்டும் தலையாட்டினான், வேண்டாம் என்று. "வண்டி வருதும்மா" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாய்.

வண்டி புதுப் பதினாலுக்குப் போனது. அங்கே ஒரு டியூஷன் சென்டர் பூட்டிக் கிடந்தது. பழைய பதினாலு குளத்துக் கோடியில். நடுவே தடுப்புக் கட்டை, மோர்ப் பந்தல், சனம். டிரைவர் சேகர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான். போய்ச் சேர்ந்தபோது அந்த மனுஷர் இல்லை.

என்கொயரிக்கும் டீ நான்தான் கொடுத்தேன். "அந்த நேரம் நான் அறையிலேயே இல்லை, விருந்தாளிகளுக்குக் கீழே ஜெனரேட்டரைக் காட்டிக்கொண்டிருந்தேன்" என்றான் லேசர். புது மெஷினில் அன்றைய போன் பதிவாகவில்லை என்றான். உன்னோடு வேலை பார்த்தவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. முந்தின நாளே நீ என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாய், "வேணாம் அக்கா. உங்களுது காண்ட்ராக்ட் வேலை, மறுநாளே அனுப்பிடுவாங்க. வீட்டுல நாலு வயிறு இருக்கு." நான் பேசவில்லை.

'பணியில் கவனக்குறைவு' என்று எழுதி உன்னை அனுப்பினார்கள். சாந்தோமில் உன் தம்பி வீட்டுக்குப் போனாய். மாதா கோயில் பூசைக்குப் போனால்கூடப் பின்வரிசையில் உட்காருவாயாம். இரண்டாம் வருஷம் இதயம் நின்றுவிட்டது. அடக்கத்துக்கு ஆபீஸிலிருந்து சேகரும் நானும் மட்டும். லேசர் ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தான். அதை உன் பெட்டியின் மேலிருந்து எடுத்து வாசல் கேட்டுக்கு வெளியே வைத்தேன்.

நீ வேலையை விட்டுப் போன சில மாதத்திலேயே, டிரைவர்கள் சண்டை போட்டுத் திரையில் இரண்டு கட்டம் வந்துவிட்டது. அது தன் யோசனை என்றான் லேசர். பெரிய பதவிக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டான்.

அதனால்தான் நோட்டீஸை உரித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நேராக அந்தப் பழைய பதினாலுக்குப் போனேன். விலாசத்தை நான் மறப்பேனா? கேட்டில் இரண்டு நம்பரும் எழுதியிருந்தது. அந்த அம்மாள் கம்பிக் கதவைத் திறக்காமலே யார் என்றார். ஆம்புலன்ஸ் ஆபீஸில் டீ கொடுத்தவள் என்றேன்.

"அங்கேர்ந்தா? அந்தப் பொம்மனாட்டி அஜாக்கிரதையா இருந்தான்னு கடுதாசி அனுப்பிச்சாளே, அந்த ஆபீஸா? எட்டு வருஷமா தெனம் வெளக்கேத்தறச்சே அவளச் சபிச்சுண்டிருக்கேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அவங்க செத்து ஆறு வருசம் ஆவுது மாமி. நீங்க சபிக்க வேண்டிய ஆளு வேற. இதோ கீறான் பாருங்க." நோட்டீஸைக் கம்பி வழியாக நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். டம்ளர் எத்தனை, யார் எங்கே நின்றார்கள், குச்சியால் எத்தனை தட்டு, எல்லாம். மாமி அசையாமல் கேட்டார். அப்புறம் மெதுவாக, "ஆமா. 'பழைய'ன்னு ஏதோ கேக்க வந்தா. நிறுத்திட்டா. பழைய வியாதி ஏதாவது இருக்கான்னு கேக்க வந்தாளோன்னு நான் நெனச்சுண்டேன்" என்றார். எட்டு வருஷமாக உன் பாதிச் சொல்லை அவரும் வைத்திருந்தார்.

கதவைத் திறந்தார். "அவா பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியும் நானும் அந்தக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். அவன் நன்றாகப் பேசினான், அதுதான் எரிந்தது. புதுசையும் பழசையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்ட வேண்டும், முதலில் ஒரு பேட்டையில் மட்டும் பார்க்க வேண்டும், வேலை செய்பவர்களைக் கேட்க வேண்டும், தப்பை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் உன்னுடையது. "பழைய நம்பரா, புது நம்பரா என்ற கேள்வியை நான்தான் கொண்டுவந்தேன்" என்றபோது கை தட்டினார்கள். மாமியின் நகம் என் கையில் இறங்கியது.

கேள்வி நேரத்தில் மாமி மைக்கை வாங்கினார். "நான் பழைய பதினாலாம் நம்பர். அறுபத்து மூவர் அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணினவ. அந்தப் பொண்ணு கேக்க வந்தா. யார் வாயை அடைச்சா?"

"மேடம், ரொம்ப வருத்தமான சம்பவம். ஒரு ஊழியரோட கவனக்குறைவு..."

நான் எழுந்தேன். "லேசரு! இங்க பாரு. டீ குடுத்த ஆயா. உனக்குச் சக்கர இல்லாம தனியாப் போட்டுக் குடுத்தேன். குச்சியால ரெண்டு தட்டு தட்டினியா இல்லியா?"

"சும்மா தட்டினேன்மா, நிறுத்தச் சொல்லல. கெஸ்ட் எல்லாம் பின்னாடி நின்னுட்டு இருந்தாங்க, கடிகாரம் சிவப்பாயிடுமேன்னு..."

"அப்ப நீ அங்கதான் இருந்த. என்கொயரில ஜெனரேட்டர் காட்டிக்கினு இருந்தேன்னியே?"

சங்கத்துச் செயலாளர் மைக்கைக் கேட்டார், மாமி கொடுக்கவில்லை. "எழுதிக் குடுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டா நான் நகர மாட்டேன்." நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மேடையிலேயே உட்கார்ந்து எழுதினான். நான் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தவறுதலாக மேஜையைத் தட்டிக் கேள்வியை நிறுத்தினேன்' என்று இருந்தது. அந்த முதல் வார்த்தையை அடிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளை ஏமாற்ற முடியாது. அவள் ஓர் எழுத்தையும் தாண்ட மாட்டாள். அடித்தான். செயலாளரும் மாமியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மாமி அதை வைத்து அறக்கட்டளைக்கு மனு கொடுத்தார். நேற்று உன் தம்பி வீட்டுக்குப் பதில் வந்தது. உன் மேல் தப்பில்லை, அந்த அறிக்கை ரத்து என்று இருக்கிறது. தம்பி அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார்.

அன்றைக்குக் கூடத்து வாசலில் அவன் என் பின்னாலேயே வந்தான். "எழுதிக் குடுத்துட்டேன். இதோட மன்னிச்சு விட்டுடுங்கம்மா" என்றான். "அது என்னுது இல்ல சார், அவங்களுது. சாந்தோம் கல்லறையில கீறாங்க, போய்க் கேளு" என்றேன். போயிருக்க மாட்டான். போனாலும் நீ பதில் சொல்லாதே.

மாமியிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்த என்கொயரி அறையில், அவன் ஜெனரேட்டர் கதையைச் சொன்ன நொடியில், நீ தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தாய். வேண்டாம் என்று முந்தின நாள் சொன்னவள்தான், ஆனாலும் பார்த்தாய். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உன் முன்னால் டீயை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அவனை எழுத வைத்தேன். என்னை எழுத வைக்க யாரும் இல்லாததால் நானே எழுதுகிறேன். அன்றைக்கு நானும் அந்த அறையில் இருந்தேன். நீ கேட்க வந்ததைக் கேட்டேன். அவன் தடுத்ததைப் பார்த்தேன். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். அவனை மன்னிக்காத நான் இதை எழுதுகிறவளையும் மன்னிக்கப் போவதில்லை.